நாற்பது அடிச் சாலை

மாலை மங்குகிற நேரம். ஆளில்லாத ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் பைன் மரங்கள்... தூரத்தில், வானமும் மண்ணும் சேருகிற இடத்தில், அந்தச் சாலை ஊசி முனைபோல ஒடுங்கி மறைகிறது. பார்த்தால் இரண்டு மைல் இருக்கும்.

அதன் நீளம் நாற்பது அடி.

சிரிக்காதீர்கள். நம் ஸ்டூடியோவிலேயே, பின்பக்கத்துப் பழைய கொட்டகையில் போட்ட செட் அது. போர் முடிந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். நான் அப்போது வேறு கம்பெனியில் டோப்பா கட்டிக்கொண்டிருந்தேன், அதனால் என் கண்ணால் பார்த்ததில்லை. என் சிநேகிதி இகுயோவின் அக்கா குடும்பத்தில் நடந்தது. இகுயோவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது அவள் காது வெளுத்துப் போயிருந்தது.

"மினே, அந்தக் கொசுவத்திய இந்தப் பக்கம் தள்ளுடி. டேய் ஷோகிச்சி, பயந்தா எழுந்து போயிடு. என் கையப் பிடிக்காத."

"பயமா? எனக்கா? மூணு பேய்ப் படத்துக்கு லைட் போட்டவன்க்கா நான்."

"அதான் சொல்றேன். லைட்டோட பேயப் பாத்தவன் நீ. இன்னிக்குக் கரண்டே இல்ல."

சரி. கேளுங்கள்.

இகுயோவின் அக்கா பெயர் ஹிசானோ. உடைப் பிரிவில் தையல்காரி. அவள் புருஷன் உசுகி, படுதா வரைகிறவர். அதிகம் பேசமாட்டார். விரல் இடுக்கில் எப்போதும் சாயம் இருக்கும், மேலெல்லாம் சாயத்தில் கலக்கும் எலும்புப் பசை நாறும். ஆனால் அவர் போட்ட தூரத்தை யாராலும் போட முடியாது. அந்தச் சாலையில் முதல் பைன் மரம் இரண்டு ஆள் உயரம். அடுத்தது ஒரு ஆள். அதற்கடுத்தது இடுப்பளவு. கடைசி மரம் முழங்கால்தான். அதோடு செட் முடிந்துவிடும். ஒரு கல், கல்லுக்குப் பின்னால் ஒரு கை நுழையும் சந்து, அப்புறம் படுதா. மிச்சமுள்ள சாலை முழுக்கப் படுதாவில் வரைந்தது. அதில் பைன் மரம் ஒவ்வொன்றும் நகக்கண் அளவு.

கண் இருக்கிறதே, அது மகா அசடு. அதற்குத் தானாக எதையும் அளக்கத் தெரியாது. சுற்றி இருப்பதைப் பார்த்துத்தான் முடிவு கட்டும். உசுகி ஒரே அளவில் இரண்டு தூரிகைகளை எடுத்து, ஒன்றைச் சாலையின் முன்னால் நிறுத்துவார், இன்னொன்றைப் படுதாவில் சாலை ஒடுங்கும் இடத்தில் குத்துவார். முன்னால் இருப்பது தூரிகையாகவே தெரியும். அங்கே இருப்பது தந்திக் கம்பமாகத் தெரியும். புதிதாக வந்த பையன்கள் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்புவார்கள்.

அன்றைக்கு எடுக்க வேண்டிய ஷாட் இதுதான். ஒரு வழிப்போக்கன், இரண்டு வாள் செருகியவன், கூடைத் தொப்பி போட்டவன், முதுகைக் காட்டி நடந்து போய்க்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான். நாற்பது அடியில் இரண்டு மைல் எப்படி நடப்பது? ஆள் மாற்றுவார்கள். நடிகர் முதல் மரம் வரை நடந்து அதன் பின்னால் மறைவார். மறுபக்கம் அதே உடையில் ஒரு குள்ளமான ஆள் வெளியே வருவான். அவன் அடுத்த மரத்தில் மறைவான். அங்கிருந்து ஒரு குழந்தை கிளம்பும். அதே டோப்பா, அதே தொப்பி, அதே வாள், எல்லாம் பொடிசாக. திரையில் ஒரே ஆள் தூரமாகப் போவதாகத் தெரியும். உங்களுக்குத் தெரிந்த வித்தைதான்.

பேசி வைத்திருந்த குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. உசுகியின் மகள் சாயோவுக்கு ஏழு வயது, வயதுக்குச் சின்ன உருவம். ஹிசானோவே ராத்திரி முழுக்க உட்கார்ந்து உடையைப் பிடித்துத் தைத்தாள். காலையில் குழந்தைக்கு அதை மாட்டிவிட்டு, வாளைச் செருகி, எல்லோருக்கும் காட்டினாளாம்.

"பாருங்க, வாடகை கேட்டு வந்துட்டான் என் வீட்டுச் சண்டியர்!"

உசுகி மகளைக் கல்லுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார்.

"இந்தக் கல்லுக்குப் பின்னால உக்காந்துக்கோ பாப்பா. கட்னு சொல்ற வரைக்கும் எழுந்திரிக்காத."

"திரும்பிப் பாக்கலாமாப்பா?"

"பாக்கவே கூடாது. போறவன் திரும்பிப் பாத்தா ஷாட் போச்சு."

கொட்டகைக் கதவைச் சாத்தினார்கள். விளக்குகள் எரிந்தன. சூட்டில் தூசி கருகுகிற வாசனை... கேமரா ஓட ஆரம்பித்தது. நடிகர் நடந்தார். மரப்பலகையில் வைக்கோல் செருப்பு... சரக்... சரக்... முதல் மரம். குள்ளன் வந்தான். சரக்... சரக்... அடுத்த மரம். சாயோ வந்தாள். சின்னதாக, சரக், சரக், சரக்... கல்லருகே போனாள்.

உட்காரவில்லை. கல்லைத் தாண்டினாள்.

சத்தம் மாறியது. பலகைச் சத்தம் இல்லை. ஈர மண்ணில் பொடிக்கல் நெரியும் சத்தம்... கொட்டகைக்குள் திடீரென்று மழை பெய்த மண்ணின் வாசனை. வழிப்போக்கன் போய்க்கொண்டே இருந்தான். கை அளவு... விரல் அளவு... டைரக்டர் கட் சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிலிம் தீர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"யாருய்யா அந்தப் பொடிசு? அடேங்கப்பா, மைல் கணக்கா நடந்துட்டானே!"

உசுகி மட்டும் தட்டவில்லை. கல்லுக்கு அப்புறம் சாலை இல்லை என்பது அவருக்குத்தானே தெரியும். அங்கே இருப்பது சாயம்.

கல்லுக்குப் பின்னால் யாரும் இல்லை. படுதாவுக்குப் பின்னால் சுவர். கொட்டகைக்கு ஒரே கதவு, அது உள்ளே தாழிட்டிருந்தது. குளத்தைக் கலக்கினார்கள், ரயில் பாதை நெடுகத் தேடினார்கள். போலீஸ் வந்தது. குழந்தை எப்படியோ வெளியே ஓடியிருக்கும் என்று எழுதிக்கொண்டு போனது. ஹிசானோ தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு அலைந்தாள். குரல் போய்விட்டது. பிறகு கையைத் தட்டிக்கொண்டே அலைந்தாள்.

மறுநாள் காலை உசுகி தனியாகக் கொட்டகைக்குள் போனார். படுதாவின் முன்னால் போய் நின்றார். சாலையின் நடுவில், அவர் வரையாத ஒன்று இருந்தது. விரல் உயரம். கூடைத் தொப்பி, முதுகு, இரண்டு வாள். சாயோ.

கூப்பிட்டுப் பார்த்தார். தொண்டை கிழியக் கத்தினார். உருவம் திரும்பவில்லை. இரண்டு மைலுக்கு அப்பால் போகிறவளுக்கு எப்படிக் கேட்கும்? திரும்பக் கூடாது என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார். ஹிசானோவைக் கூட்டிவந்தார், இகுயோவும் கூட வந்தாள். மூன்று பேரும் பார்த்தார்கள். நடப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் மத்தியானம் பார்த்தபோது உருவம் கொஞ்சம் சின்னதாகி இருந்தது. அவள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள்!

அப்போதுதான் உசுகிக்கு அது தோன்றியது. சாலையின் குறுக்கே, அவளுக்கு முன்னால் ஒரு மூங்கில் கதவை வரைந்தார். சாயம் காய்ந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால், குழந்தை கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதற்குமேல் போகவில்லை.

"அப்போ... வரைஞ்சா அங்க நடக்குதா?" மினே கேட்டாள்.

"நடந்துச்சு. அதான் வினையே."

குழந்தை நின்றுவிட்டாள். ஆனால் நாள் இல்லை. படுதாக்களை நாம் என்ன செய்கிறோம்? படம் முடிந்தால் கழுவி வெளுத்து அடுத்த படத்துக்கு வரைகிறோம். எலும்புப் பசைச் சாயம், தண்ணீர் பட்டால் ஓடிவிடும். அப்போதெல்லாம் துணி கிடைப்பதே குதிரைக் கொம்பு. திங்கட்கிழமை குழாய் வைத்து அடிக்கப் போகிறார்கள். உசுகி மேனேஜர் காலில் விழுந்தார். மேனேஜர் அவரைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னார். மகளைப் பறிகொடுத்தவன் பேச்சை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

ஞாயிற்றுக்கிழமை. வெளியே பட்டப்பகல், கொட்டகைக்குள் ஒற்றை பல்பு. ஹிசானோ தரையில் உட்கார்ந்து அந்த விரல் உயர முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன குரல் பாதிதான் திரும்பியிருந்தது.

"ஏங்க."

"சொல்லு."

"தூரத்த நீங்கதானே வரைஞ்சீங்க?"

"ஆமா."

"கிட்டக்க வரைங்க. நம்ம வீட்ட வரைங்க. வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரி வரைஞ்சிட்டா, கை நீட்டி எடுத்துக்கலாம்ல?"

உசுகி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். ஊரையே அளவில் ஏமாற்றுகிற மனுஷன். ஆனால் பெற்றவனுக்குக் கணக்கு வருமா? ஈரத் துணியால் சாலையின் இரண்டு கோடுகளையும் துடைத்தார். பைன் மரங்களைத் துடைத்தார். மூங்கில் கதவை, வானத்தை... சாயோவை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் வெறுந்துணி ஆக்கினார். பிறகு வீட்டை வரைந்தார். நிஜ அளவில். பாய், அதன் ஒவ்வொரு கோரையும். சாப்பாட்டு மேசையின் கால். தேநீர்க் கெண்டி. குழந்தையின் மெத்தை, அதில் ஒட்டுப் போட்ட நீலத் துணி. இகுயோ சாயம் கரைத்துக் கொடுத்தாள். பசை கொதிக்கிற நாற்றத்தில் மூச்சு முட்டியது.

கடைசிக் கோரையை இழுத்து முடித்தார். அந்த உருவம் திரும்பியது.

தொப்பியைத் தூக்கிப் பார்த்தது. முகம் தெரிந்தது. ஹிசானோ பாய்ந்து போய்ப் படுதாவில் கன்னத்தை வைத்தாள். கொசு முரல்வதுபோல ஒரு குரல்...

"அம்மா... மேசை ஏன் இவ்ளோ ஒசரமா இருக்கு?"

ஹிசானோ விரலை நீட்டினாள். விரல் நுனியில் ஏதோ சூடாகப் பட்டது. குழந்தையின் மூச்சு. மேசைக்காலைக் கட்டிக்கொண்டு நின்றாள் சாயோ. மேசைக்காலில் பாதிகூட இல்லை.

இப்போது புரிகிறதா உங்களுக்கு? துணியில் அவள் அளவு மாறவே இல்லை. முன்னாலும் விரல் அளவு, இப்போதும் விரல் அளவு. இரண்டு மைல் சாலையில் நிற்கும்போது விரல் அளவு என்றால், அது ஏழு வயதுக் குழந்தை. மேசைக்குப் பக்கத்தில் நிற்கும்போது விரல் அளவு என்றால்... அது விரல் அளவுதான்.

உசுகி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹிசானோ உட்காரவில்லை.

"இருக்கட்டும்! விரல் அளவு இருந்தா என்ன? எம்புள்ளதானே? தீப்பெட்டியில வச்சு வளத்துக்கிறேன். ஊசிக்காதால சோறு ஊட்டுறேன். எனக்கு வேணும்."

நகத்தால் துணியிலிருந்து பிரித்து எடுக்கப் பார்த்தாள். சாயம் இன்னும் காயவில்லை. குழந்தையின் சட்டைக்கை இழுபட்டுக் கறையாகியது. "வலிக்குதும்மா!" என்றது அந்தக் கொசுக் குரல். ஹிசானோ கையை எடுத்துவிட்டாள். இப்படியாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று, இரண்டு கையையும் அவளைச் சுற்றிக் கூடுபோல வைத்துக்கொண்டு அழுதாளாம். இகுயோ இதைச் சொல்லும்போது என்னால் கேட்க முடியவில்லை. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

அப்போது மேலே ஒரு சத்தம். டக்... டக்... டக்...

பல்லி.

பல்பைச் சுற்றும் பூச்சிக்காகப் படுதா மேல் எப்போதும் திரிகிறதுதான். சாலையாக இருந்தபோது யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது அது குழந்தை நிற்கிற அதே பாயில் வந்து இறங்கியது. ஒரு சாண் நீளம். சாயோவைவிட மூன்று மடங்கு. தலையைச் சாய்த்து, அசைகிற அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தது. தொண்டை துடித்தது.

ஹிசானோ கையை வீசினாள். பல்லி விலகவில்லை, சட்டென்று கிட்டே ஓடிவந்தது. அடிக்கவும் முடியாது. ஈரத் துணியில் ஒரு அடி விழுந்தால் குழந்தையும் சேர்ந்து நசுங்கிவிடும். "அம்மா! அம்மா!" என்று கத்துகிறது குழந்தை. பல்லி நாக்கை நீட்டி எடுத்தது.

உசுகி எழுந்தார். கரித்துண்டை எடுத்தார். குழந்தையின் இரண்டு பக்கமும் இரண்டு கோடு இழுத்தார். மேலே போகப் போக நெருங்குகிற கோடுகள்... ஒரு சாலை. மேசைக்காலைப் பைன் மரமாக்கினார். பாயின் மேல் மலையை இழுத்தார். வாயில் நுரை தள்ளக் கத்தினார்.

"ஓடு பாப்பா! ஓடு! திரும்பிப் பாக்காத, ஓடு!"

குழந்தை ஓடியது. பல்லி பாய்ந்தது. அவள் நின்ற இடத்தின் மேலேயே நான்கு காலையும் வைத்தது... அங்கே வெறும் துணிதான் இருந்தது. அவள் இரண்டு மைலுக்கு அப்பால் இருந்தாள். ஓடிக்கொண்டிருந்தாள். மொச்சை அளவு. அரிசி அளவு. அப்புறம் புள்ளி. அப்புறம் அதுவும் இல்லை.

ஹிசானோ புருஷனைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏன் ரோடு போட்டீங்க?" வருஷக்கணக்கில் அவர்களுக்குள் வேறு பேச்சு இல்லை என்று இகுயோ சொன்னாள்.

திங்கட்கிழமை படுதாவைக் கழுவினார்கள்.

"முடிஞ்சிதாக்கா?" ஷோகிச்சி கேட்டான்.

"உன் கை என் கையிலதான் இருக்கு, பாத்துக்கோ. இன்னும் முடியல."

அதே படுதாவில் அடுத்த படத்துக்குக் கடல் வரைந்தார்கள். உசுகி வேலையை விட்டுவிட்டார். ஆனால் இரண்டு பேரும் நம் ஸ்டூடியோ படம் எது வந்தாலும், அந்தத் துணியைத் தேடி, முதல் நாளே போய் முதல் வரிசையில் உட்கார்வார்கள். கடல் படத்தில் ஹிசானோ உசுகியின் கையைப் பிடித்தாள். அடிவானத்தில் ஒரு புள்ளி. மற்றவர்கள் படகு என்று நினைத்திருப்பார்கள். அடுத்த வருஷம் ஒரு மலைக்காட்சி, அங்கே புள்ளி அரிசி அளவு. பிறகு வயல், மொச்சை அளவு. சாயம் மாறியது, ஆள் மாறினார்கள், துணி அதே துணி. விரல் அளவு ஆனபோது தொப்பி தெரிந்தது. இகுயோவையும் ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டினார்கள். அவளும் பார்த்தாள்.

ஹிசானோவுக்கு உயிர் வந்தது. "வர்றா! பெருசாயிட்டே வர்றா பாருங்க! கிட்ட வந்துட்டா!" வீட்டைக் கழுவினாள், மெத்தையை வெயிலில் போட்டாள். புருஷனோடு பேச ஆரம்பித்தாள்.

உசுகி தொப்பியைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது அவள் பாதத்தை. படுதா வரைகிறவன் ஆளைப் பார்க்கமாட்டான், கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்ப்பான். ஒருவன் நம்மை நோக்கி வந்தால் பாதம் கீழே கீழே இறங்கி வர வேண்டும், மண் வழியாக. சாயோவின் பாதம் அடிவானத்தை விட்டு இம்மியும் இறங்கவில்லை. அவள் போய் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறாள், அதே தூரத்தில். அங்கே இருக்கும் மரங்கள் நகக்கண் அளவு. அவள் ஒரு சாண்.

கிட்டே வரவில்லை. வளர்ந்திருக்கிறாள்.

இகுயோவிடம் மட்டும் இதைச் சொன்னாராம். ஹிசானோவிடம் சொல்ல மனசு வரவில்லை. இந்த வசந்தத்தில் ஒரு படம் வந்தது, நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பெயர் வேண்டாம். அதில் பின்னால் தெரிகிற மலைக்கு மேலே கூடைத் தொப்பியின் விளிம்பு. நீங்கள் அதை மேகம் என்று நினைத்திருப்பீர்கள். உசுகி பாதத்தைத் தேடினார். அடிவானத்தில் இல்லை. அதற்கு இந்தப் பக்கம், ஒரு விரற்கடை கீழே இருந்தது.

கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உசுகி வேறு வழியில்லாமல் ஹிசானோவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாதத்தை, மரத்தை, மலையை... எவ்வளவு உயரம் இருப்பாள் என்பதை. அவள் பயப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நேராகப் போய்த் தச்சனைக் கூட்டிவந்தாள். வாசல் நிலையின் மேல்சட்டத்தை எடுக்கச் சொன்னாள். எடுத்தான். எவ்வளவு உயர்த்தி வைக்க என்று கேட்டான். வைக்க வேண்டாம் என்றாள். கூரையையும் பிரிக்கச் சொன்னாள். பைத்தியமா என்று தச்சன் உசுகியைப் பார்த்தான். உசுகி தலையைக் குனிந்துகொண்டார்.

"இத்தன வருஷம் கழிச்சு வீட்டுக்கு வர்ற புள்ள, வாசல்ல குனிஞ்சா நிக்கணும்?" என்று கேட்டாளாம் ஹிசானோ.

போன வாரம் இகுயோ அவர்களுக்கு ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்தாள். நல்ல மழை. நான்கு சுவரும் இருக்கிறது, மேலே வானம். இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து, ஆளுக்கொரு குடையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இகுயோ தன் குடையை விரிக்கப் போனாள். விரிக்கத் தேவைப்படவில்லை. வெளியே தெருவெல்லாம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் மட்டும், அந்த ஒரு நிமிஷம், மழை நின்றிருந்தது.

ஹிசானோ குடையை மெதுவாக மடக்கினாள். மேலே பார்க்காமலே, சாயோவுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வரச் சொன்னாள் இகுயோவிடம்.